அண்ணன் வேடத்தில் அண்ணன்

பதினொரு பேர் உள்ள ஒரு நாடகக் குழு ஒரே பருவத்தில் மூன்று நாடகமும் இரண்டு புது முயற்சியும் அறிவித்தால் அதைத் துணிச்சல் என்பதா, கிறுக்கு என்பதா என்று குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்தது. துணிச்சல் கட்சியில் இயக்குநர் ஒருத்திதான். ஆனாலும் அவள் கட்சி ஜெயித்தது, ஏனென்றால் அறிவித்ததே அவள்தான்.

டயர் கடைக்கு மேல்மாடியில் ஒத்திகைக் கூடம். ஒரு திங்கட்கிழமை காலை எல்லாரையும் மடக்கு நாற்காலிகளில் உட்கார வைத்து, அச்சுக்குப் போக வேண்டிய துண்டுப் பிரசுரத்தை வாசித்துக் காட்டினாள். முதல் நாடகம், ‘உள்ளே தாழ்ப்பாள்’. குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்ட ஒரு மனிதர் எழுபது நிமிடம் தனி ஆளாகக் கதவோடு பேசுகிறார். இரண்டாவது, ஒரு வார்த்தைகூட இல்லாத குழந்தைகள் நாடகம். இரண்டு நடிகர்கள், மூன்று குடை. மூன்றாவது, அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படியில் நடக்கும். பார்க்க வருகிறவர்கள் படியில்தான் உட்கார வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் யோசித்து வரவும் என்று பிரசுரத்திலேயே போட்டிருந்தது. புது முயற்சி என்ற தலைப்பின் கீழ், படுக்கையிலிருந்து எழ முடியாதவர்களுக்குத் தொலைபேசியில் நாடகம் வாசிப்பது ஒன்று. இன்னொன்று ஒத்திகை அறை.

இந்த ஒத்திகை அறை மட்டும் பிரசுரம் வருவதற்கு முன்பே தொடங்கி, வாய்வழிச் செய்தியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. விஷயம் ரொம்ப எளிது. யாரிடமாவது சொல்ல முடியாமல் தொண்டையிலேயே வைத்துக்கொண்டிருப்பதை முதலில் ஒரு நடிகரிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். நடிகர் மேலதிகாரியாக இருப்பார், மாமியாராக இருப்பார், பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பாவாக இருப்பார். ஒரு மணி நேரம், அதற்குள் ஒரே பேச்சை மூன்று தடவை சொல்லிப் பார்க்கலாம். விதிகளை இயக்குநரே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். இங்கே பேசியது வெளியே போகக் கூடாது. வருகிறவர் யாராக இருந்தாலும் ‘நீங்க’ என்றுதான் பேச வேண்டும். ‘நான் யாரா இருக்கணும்?’ என்று முதலில் கேட்க வேண்டும்.

நாலாவது விதி பிறகு சேர்ந்தது: நல்லபடியாக முடிக்காதே. அது சேர்ந்ததற்குக் காரணம் அண்ணன். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், வேலையை விடப்போவதை முதலாளியிடம் சொல்லிப் பார்க்க வந்தாள். அண்ணன் முதலாளியாக நடித்தார். நடித்தார் என்றால், கண் கலங்கி, ‘நீ எங்க இருந்தாலும் நல்லா இரும்மா’ என்று எழுந்து நின்று வாழ்த்தினார். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சந்தோஷமாகப் போனாள். மறுநாளே திரும்பி வந்தாள். நிஜ முதலாளி தலையைக்கூட நிமிர்த்தாமல், ‘சாவியை மேசையில வச்சிட்டுப் போ’ என்றாராம். நடிகர்களுக்கு இது ஒரு வியாதி. காட்சி என்று ஒன்று இருந்தால் அதை ஒரு இடத்தில் கொண்டுபோய் அழகாக இறக்கி வைக்காவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது.

அண்ணன் என்பது குழுவின் மூத்த நடிகர். இயக்குநருக்கு அவர் கூடப் பிறந்த அண்ணன். மற்றவர்களுக்கு அவர் யாரோ, ஆனாலும் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரைவிட ஆறு வயது பெரியவரான மேக்கப்காரர்கூட, “அண்ணே, முகத்தைக் கொஞ்சம் திருப்புங்க” என்பார். பதிலுக்கு அண்ணன் எல்லாரிடமும் மரியாதையாகத்தான் பேசுவார், தங்கையைத் தவிர. தங்கை அவருக்குப் பாப்பா. ஐம்பத்து நாலு வயதில், தலையில் ஒன்று கழுத்தில் ஒன்று என்று இரண்டு கண்ணாடியோடு அலைகிற ஒரு பெண்ணைப் பத்துப் பேர் முன்னால் பாப்பா என்று கூப்பிடலாமா என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்தக் குளியலறை நாடகத்தை எழுதியது பாப்பாதான். அதுவரை மற்றவர்கள் எழுதியதை இயக்கிக்கொண்டிருந்தவள், முதல்முறையாகத் தானே உட்கார்ந்து, இரண்டு வருடம் மல்லுக்கட்டி, முப்பத்திரண்டு பக்கம் எழுதினாள். அண்ணனுக்காகவே எழுதினாள். அவரிடம் தாளைக் கொடுத்த அன்று, “நல்லா இருந்தா சொல்லு, இல்லன்னா சொல்லாதே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அண்ணன் அன்று மாலையே படித்து முடித்தார். வயிறு வலிக்கச் சிரித்தார், இருபத்தேழாம் பக்கத்தில் அழுதார். மறுநாள் அவளைப் பார்த்து, “எப்ப ஒத்திகை?” என்றார். அதுவே பெரிய பாராட்டு என்பது அவர் நினைப்பு.

ஒத்திகை தொடங்கியதும்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. வசனம் நிற்கவில்லை.

முன்பெல்லாம் இரண்டு தடவை வாசித்தால் போதும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இப்போது காலையில் நாலு பக்கம் உருப்போட்டால் மத்தியானம் அதில் ஒரு பக்கம்கூடத் தேறவில்லை. மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. வீட்டுக்கு வழி தெரிந்தது, சாவி வைத்த இடம் தெரிந்தது, பக்கத்து வீட்டு நாயின் பெயர்கூடத் தெரிந்தது. இந்த வசனம் மட்டும் கண்ணாமூச்சி காட்டியது. போன வருடமே லேசாக ஆரம்பித்ததுதான். அப்போது சின்ன வேடங்கள், எப்படியோ சமாளித்துவிட்டார். எழுபது நிமிடம் தனி ஆளாக எப்படிச் சமாளிப்பது? வீட்டில் சொல்லலாம் என்றால் மனைவி மகள் வீட்டுக்குப் போனவள் பேத்தியோடு அங்கேயே தங்கிவிட்டாள். டாக்டரிடம் போகலாம் என்றால் அவர் என்ன சொல்லித் தொலைப்பாரோ என்று பயம். வெளியே தெரிந்தால் மேடை போச்சு. மேடை போனால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? நாற்பது வருடமாக வேறு எந்த வேலையையும் அவர் உருப்படியாகச் செய்ததில்லை.

ஆகவே மனுஷன் துண்டுச் சீட்டில் இறங்கினார். குளியலறைக் காட்சி என்பதால் மேடையில் வாளி, மக், சோப்புப் பெட்டி, துண்டு எல்லாம் இருந்தன. வாளியின் உள்பக்கம் ஒரு சீட்டை ஒட்டினார். சோப்புப் பெட்டி மூடிக்குள் ஒன்று. துண்டின் மடிப்பில் பேனாவாலேயே எழுதிவிட்டார். முதல் வாரம் ஜோராக ஓடியது. அவர் வாளிக்குள் எட்டிப் பார்க்கும் அழகைப் பார்த்து, “என்னமா யோசிச்சு நடிக்கிறாரு!” என்றுகூடச் சொன்னார்கள்.

குழுவில் மேடைச் சாமான்களுக்கெல்லாம் பொறுப்பு மேனேஜரம்மா. அந்த அம்மாள் கண்ணில் ஒரு தூசி பட்டுவிடக் கூடாது. இரண்டாவது வாரம் ஒரு நாள் வாளியைத் தேய்த்து, சோப்புப் பெட்டியைக் கழுவி, துண்டைத் துவைத்து, எல்லாவற்றையும் பளிச்சென்று கொண்டுவந்து வைத்தார். “எவனோ வாளிக்குள்ள பேப்பரை ஒட்டி வச்சிருக்கான், ச்சை, என்ன ஜென்மமோ!” என்று திட்டிக்கொண்டே போனார்.

அன்று ஏழாம் பக்கத்தில் அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். வாளி பளபளத்தது. அடுத்த வசனம் என்ன? ஒன்றும் வரவில்லை. வாய்க்கு வந்ததை எடுத்து விட்டார். சுவரில் ஒரு பல்லி இருப்பதாகவும், அது தன்னையே முறைப்பதாகவும், இந்த வீட்டில் முதலில் குடிவந்தது யார் என்று அதனோடு ஒரு வழக்காகவும் மூன்று நிமிடம் பொளந்து கட்டினார். விளக்குப் போடுகிற ஆள் சிரித்த சிரிப்பில் ஏணியிலிருந்து விழப் பார்த்தார். இயக்குநரும் சிரித்தாள். “இதை வச்சுக்கலாம்” என்று எழுதிக்கொண்டாள்.

இங்கே அந்தக் குழுவின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒத்திகையில் நடிகர் வாயில் நல்லதாக ஏதாவது வந்து விழுந்தால் அன்றே அதைத் தட்டச்சு செய்து பிரதியில் சேர்த்துவிட வேண்டும். முதல் பிரதி வெள்ளைத் தாள். முதல் திருத்தம் மஞ்சள், அடுத்தது பச்சை, அதற்கடுத்தது இளஞ்சிவப்பு. இயக்குநரே வருடக்கணக்காக நடத்திவந்த வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனால் மறதியில் உளறியதையும் அது விடவில்லையே! மறுநாள் அண்ணன் கையில் மஞ்சள் தாள் வந்தது. பல்லி அப்படியே அச்சில் இருந்தது. இனி அந்தப் பல்லியையும் அவர் மனப்பாடம் செய்ய வேண்டும்.

செய்ய முடிந்தால்தானே! அடுத்த ஒத்திகையில் பல்லியும் மறந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவைப் பற்றி ஏதோ சொன்னார். அதற்கும் சிரிப்பு, அதற்கும் பச்சைத் தாள். பச்சை மறந்தபோது தன் காலுறையோடு பேசினார், இளஞ்சிவப்பு வந்தது. மூன்றாவது வார முடிவில் முப்பத்திரண்டு பக்கத்தில் பத்தொன்பது பக்கம் நிறம் மாறிவிட்டது. “அண்ணன் பின்றாரு, இந்த வயசுல இப்படி ஊத்தெடுக்குதே!” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைத்தது.

பாப்பா மட்டும் இப்போது சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். எழுதிக்கொள்வாள், தாளை நீட்டுவாள், போய்விடுவாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்று அண்ணனுக்குச் சந்தேகம். தானே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டார். “பாப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.” “சொல்லு.” “தொண்டை கட்டியிருக்கு, நாளைக்குக் கொஞ்சம் லேட்டா வரேன்.” இரண்டு தடவையும் தொண்டைதான் கட்டியது.

வியாழக்கிழமை மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை ஒத்திகை அறையில் அண்ணனுக்கு முறை. அவருக்கு அந்த அறைக்குப் போவதென்றால் இப்போது உயிர். உருப்போட ஒரு வரி கிடையாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்வதைக் கேட்டு, அதற்குப் பதில் சொன்னால் போதும். போன வாரம்தான் ஒரு பஸ் டிரைவரின் மாமனாராக இருந்து, அந்த ஆளை வியர்க்க வைத்து அனுப்பியிருந்தார். கூடத்தை ஒட்டிய சின்ன அறை அது. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு தண்ணீர் பாட்டில், கடகடவென்று ஒரு மின்விசிறி. வருகிறவர்கள் பெயர் பதிவில் இருக்காது, நேரம் மட்டும்தான் இருக்கும்.

மூன்று மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தது தங்கை. ஏதோ வேலையாக எட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்து, “இப்ப ஆள் வர்ற நேரம் பாப்பா, அப்புறம் வா” என்றார்.

“நான்தான் அந்த ஆள்.”

கதவைச் சாத்திவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். முதல் தடவை வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். அண்ணன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“கேளு. சுவத்துல எழுதியிருக்குல்ல.”

“நான் யாரா இருக்கணும்?”

“என் அண்ணனா இருக்கணும்.”

“விளையாடாதே பாப்பா.”

“விளையாடலை. என் அண்ணன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். ரெண்டு வாரமா முட்டிப் பாக்கறேன், நேர்ல வாய் வரலை. அவனை மாதிரி நடிக்கத் தெரிஞ்ச ஆள் இந்தக் குழுவுலயே நீ ஒருத்தன்தான். வேற யார்கிட்ட போறது, சொல்லு.”

அவ்வளவுதான், தெரிந்துவிட்டது என்று அண்ணன் முடிவு கட்டினார். மேடையை விட்டு இறங்கச் சொல்லத்தான் வந்திருக்கிறாள். ஆனால் நாற்பது வருடப் பழக்கம் லேசில் விடுமா? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, விதிப்படி, “சரி. உங்க அண்ணன் எப்படின்னு சொல்லுங்க” என்றார்.

“அறுபத்தொரு வயசு. நல்ல நடிகன். அது அவனுக்கே தெரியும், அதான் தொல்லை.”

“ம். ஆரம்பிங்க.”

அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். “அண்ணா, என் நாடகத்தை மாத்தாதே” என்றாள்.

அண்ணன் எதிர்பார்த்தது இது இல்லை. வேறு எதையோ தாங்குவதற்குத் தயாராக வைத்திருந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் திருதிருவென்று முழித்தார்.

“ரெண்டு வருஷம் எழுதினேன்” என்று அவள் தொடர்ந்தாள். “ஒவ்வொரு வரியையும் உரக்கச் சொல்லிப் பாத்து எழுதினேன். இன்னைக்கு அதுல பதிமூணு பக்கம்தான் வெள்ளையா இருக்கு. எல்லாரும் சிரிக்கிறாங்க, நானும் எழுதிக்கறேன், வேற என்ன செய்ய முடியும்? நல்லாத்தானே இருக்கு. ஆனா ஒரு தடவையாவது நான் எழுதினதை எழுதினபடி சொல்லிப் பாத்தியா நீ? எட்டு வயசுல ஸ்கூல்ல பேசறதுக்கு நான் எழுதினதை நீ திருத்தின. முதல் பரிசு வந்துச்சு. அது யாருக்கு வந்த பரிசுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.”

அப்பாடா, தெரியவில்லை! முதலில் அண்ணனுக்கு வந்தது அந்த நிம்மதிதான். வெட்கக்கேடு, ஆனால் அதுதான் வந்தது. ஒரு விநாடி கழித்துத்தான் அவள் சொன்னது உள்ளே இறங்கியது. தன் எழுத்து மட்டம் என்று அண்ணன் நினைப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் காத்திருந்தாள், ஏதாவது பதில் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதபோது நடிகன் செய்வதை அவர் செய்தார். மேசையைத் தட்டினார்.

“நான் மாத்தினதாலதான் அது நாடகமாச்சு! கூடம் முழுக்கச் சிரிக்குதே, அது யாராலன்னு நினைச்சே?”

“இல்ல இல்ல” என்று அவள் கையை ஆட்டினாள். “தப்பு. என் அண்ணன் கத்த மாட்டான். கத்தினா நானும் கத்துவேனே, எப்பவோ முடிஞ்சிருக்கும். அவன் மழுப்புவான்.”

அண்ணன் விரலை மடித்து ஒன்று என்று காட்டினார். இரண்டாவது தடவைக்கு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் மறுபடியும் சொன்னாள். கொஞ்சம் சுருக்கமாக, கொஞ்சம் கோபமாக. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுப் புன்னகைத்தார்.

“அட, இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்கே? பாப்பா, எழுதினது நீ, கொஞ்சம் உப்பு மட்டும்தான் நான் போட்டேன். எல்லாம் நம்ம வீட்டுச் சொத்துதானே. எழுந்திரு, கீழ போய் டீ குடிப்போம்.”

“ஆமா, அப்படியே இருக்கு” என்றாள் அவள். நடிப்பைப் பாராட்டுகிற குரலில் ஆரம்பித்தவள் முடிக்கும்போது முகம் சுருங்கிப்போனாள். “அச்சு அசல் அவன்தான். இங்கதான் நான் எப்பவும் நின்னு போயிடறேன். இதுக்கு மேல என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியாது. டீ குடிக்கப் போயிடுவேன்.”

கழுத்தில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

“மூணாவது தடவைக்கு நான் சொல்லப்போறதை இப்பவே சொல்லிடறேன். நீ தயாரா இருக்கணும்ல. சனிக்கிழமை பிரசுரம் அச்சுக்குப் போகுது. எழுதியவர்னு போடற இடத்துல உன் பேரைப் போட்டுடறேன். சண்டைக்காகச் சொல்லலை, நிஜமாவே அது இப்ப உன்னோடதுதான். நான் இனிமே எழுத மாட்டேன். அடுத்தவங்க எழுதினதை நல்லா இயக்குவேன், அது எனக்கு வரும். இதை என் அண்ணன்கிட்ட அழாம சொல்லணும். அதுக்குத்தான் இங்க வந்தேன்.”

மின்விசிறி கடகடத்தது. கீழே டயர் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்தார். சும்மா இருந்தால் போதும். மறதி எல்லாம் திறமையாகவே நிற்கும், மேடையும் மிஞ்சும், பெயரும் கூடுதலாக வந்து சேரும். பாப்பா இயக்கிக்கொண்டிருப்பாள், அவளுக்கும் ஒன்றும் குறைந்துவிடாது என்று தன் மனசுக்கே ஒரு சப்பைக்கட்டு கட்டினார். எதிரே அவள் மூன்றாவது தடவைக்காக முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழாம் பக்கத்தில் தான் அழுததை இவளிடம் சொல்லவே இல்லையே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“அண்ணா” என்று அவள் ஆரம்பித்தாள். “சனிக்கிழமை பிரசுரம்...”

“பாப்பா, எனக்கு வசனம் நிக்க மாட்டேங்குது.”

அவள் நிறுத்தினாள்.

“மாத்தணும்னு மாத்தலை. மறந்து போச்சு. மறந்த இடத்துல வாய்க்கு வந்ததைச் சொன்னேன், நீ அதை எழுதிட்ட. எழுதினதையும் மறந்துட்டேன். பல்லி, ரேடியோ, காலுறை, எல்லாமே மறந்த இடம்தான். பத்தொன்பது பக்கம்.”

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சலித்துக்கொண்டாள்.

“பாத்தியா, மறுபடியும் நல்லபடியா முடிக்கப் பாக்கற. எத்தனை தடவை சொல்றது? நான் சந்தோஷமா வீட்டுக்குப் போகணும்னு ஒரு கதை கட்டறே. என் அண்ணன் இப்படிச் சொல்ல மாட்டான். தன்னால முடியலைன்னு அவன் வாயிலேர்ந்து வரவே வராது. செத்தாலும் வராது.”

“வந்துடுச்சே.”

“இது நடிப்பு.”

“வாளியில பேப்பர் ஒட்டினது நான்தான். மேனேஜரம்மா திட்டினாங்களே, அந்த ஜென்மம் நான்தான்.” அண்ணனின் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. “நம்பலைன்னா எடுத்துக் கொடு. எந்தப் பக்கம் வேணா எடு, வெள்ளைப் பக்கமா எடு.”

அவளுக்குப் பிரதி தேவைப்படவில்லை. நாலாம் பக்கத்திலிருந்து சொன்னாள், எழுதியவள் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். “இருபத்தாறு வருஷமா இந்த வீட்டுல நான் ஒரு கதவையும் தட்டினதில்லை. எப்பவும் திறந்துதான் இருந்துச்சு.”

அடுத்ததை அண்ணன் சொல்ல வேண்டும். அன்று காலையில் கண்ணாடி முன்னால் பதினைந்து தடவை சொன்ன வரி. அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் இல்லை. மேடையாக இருந்திருந்தால் இந்நேரம் ஒரு பூனையோ எறும்போ வந்து காப்பாற்றியிருக்கும். அவர் எதையும் கூப்பிடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் இரண்டு தடவை அசைந்தது. காதோரம் வியர்வை இறங்கியது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அவள் காத்திருந்தாள். ஒரு நடிகன் நடிக்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று இயக்குநருக்குத் தெரியாதா? கைப்பை மடியிலிருந்து நழுவியதை அவள் கவனிக்கவில்லை.

“இன்னைக்கு நான் தட்டணும்” என்று அவளே சொன்னாள். “ஆனா உள்ளே இருக்கறவன் தட்டினா, வெளியே இருக்கறவங்க வாங்கன்னா சொல்வாங்க?”

“ஆமா. அதான்” என்றார் அண்ணன்.

பிறகு அவள், “நல்லா இருக்கா?” என்றாள்.

“எது?”

“எழுதினது. நிஜமா நல்லா இருக்கா?”

“ரொம்ப நல்லா இருக்கு பாப்பா. இருபத்தேழாம் பக்கத்துல அழுதேன். நீ எழுதினதுக்கு மேல பல்லியைப் போட்டப்பல்லாம் எனக்கே வலிச்சுது.”

அவள் முகம் மலர்ந்தது. நன்றாகவே மலர்ந்தது. அடுத்த நொடியே, முதலில் கேட்க வேண்டியதை விட்டுவிட்டு எதைக் கேட்டோம் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணனுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. வெகு நாளைக்குப் பிறகு அவளைச் சந்தோஷப்படுத்திவிட்டோம் என்றுதான் இருந்தது.

“எவ்வளவு நாளா?” என்றாள், வாயிலிருந்து கையை எடுக்காமலே.

“போன வருஷம் லேசா இருந்துச்சு. இப்பத்தான் அதிகம். வேற ஒண்ணும் மறக்கலை. வழி மறக்கலை, பேர் மறக்கலை.”

“அது நீ சொல்றது. யார்கிட்ட காட்டினே?”

“யார்கிட்டயும் காட்டலை. பயம்.”

அவள் எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். அண்ணனின் தோளில் கை வைத்தாள். சின்ன வயதிலிருந்து இவளைத் தூக்கிச் சுமந்தவர் என்பதால் இப்படி ஒரு கை தன் தோளில் வந்தால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

“நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். நானும் வரேன்.”

“நாளைக்குக் காலையில ஒத்திகை இருக்கே.”

“யாருக்கு?” என்றாள் பாப்பா.

அவள் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. ரொம்பவும் மெதுவாக, குழந்தையிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். அந்த வேடம் இனித் தனக்கு இல்லை என்பது அண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. தோளில் இருந்த அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.